கால் எழவில்லை, ஸ்கேன் நார்மல்: மூளைப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மேடம், எனக்கு 31 வயது. கரூர் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. எட்டு மாதத்துக்கு முன்பு ஸ்கூட்டியில் இருந்து விழுந்து வலது கணுக்காலில் சுளுக்கு, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு வலது கால் முழுக்கவே எழவில்லை, தரையில் இழுத்துக்கொண்டுதான் நடக்கிறேன். இப்போது வலது கையிலும் நடுக்கம். எம்.ஆர்.ஐ., நரம்புப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். நரம்பியல் டாக்டர் 'ஃபங்ஷனல்' என்று எழுதி, பிசியோதெரபியும் கவுன்சலிங்கும் போகச் சொன்னார். மாமியார் நான் நடிக்கிறேன் என்கிறார். இன்னொரு சென்டரில் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, கம்ப்யூட்டரில் விளையாட வைத்து 'மூளைப் பயிற்சி' தருகிறார்கள். 40 சிட்டிங், 90,000 ரூபாய், மொத்தமாகக் கட்டினால் 80,000. நகையை அடகு வைத்தாவது சேரலாமா? இல்லை, டாக்டர் வேறு ஏதோ நோயைத் தவறவிட்டுவிட்டாரா?

பதில்:

டீச்சர், நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்த சென்டரில் சேர வேண்டாம். ஆனால் மூளையைப் பழக்கி இந்தப் பிரச்சினையைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டால், முடியும், பலருக்கு முடிந்திருக்கிறது. அது திரைக்கு முன்னால் உட்கார்ந்து நடப்பதில்லை, தரையில் நின்று, உங்கள் காலை வைத்தே நடப்பது. உங்கள் நரம்பியல் டாக்டர் "பிசியோதெரபி போங்க" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தது அதைத்தான். வெளியே அத்தனை பேர் டோக்கனோடு காத்திருக்கும்போது அதை விளக்கிச் சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது.

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பயம் உள்ளே இருக்கிறவரை எந்தச் சிகிச்சையிலும் மனசு நிற்காது. 'ஃபங்ஷனல்' என்றால், நரம்பிலோ தசையிலோ சேதம் இல்லை, மூளை அவற்றை இயக்குகிற விதத்தில்தான் கோளாறு என்று பொருள். ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் வேறு பெயர் கிடைக்காமல் அப்படி எழுதிவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதைக் கண்டுபிடிக்க, படுக்க வைத்தே செய்து பார்க்கிற சோதனைகள் இருக்கின்றன. டாக்டர் உங்கள் வலது குதிகாலுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு "கீழே அழுத்துங்க" என்றிருப்பார், அழுத்தமே வந்திருக்காது. அப்புறம் இடது காலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தூக்கவிடாமல் மேலிருந்து அமுக்கியிருப்பார். நீங்கள் இடது காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, அடியில் இருக்கிற அவருடைய இன்னொரு கையை வலது குதிகால் நல்ல பலத்தோடு அழுத்தும். உங்களுக்கே தெரியாமல் அழுத்தும். ஹூவர் என்ற அமெரிக்க டாக்டர் 1908-இல் எழுதி வைத்த சோதனை இது. பக்கவாதத்தில் போன பலம் இப்படித் திரும்பி வராது. கை நடுக்கத்துக்கும் இதே மாதிரி ஒன்று உண்டு: இடது கையால் டாக்டர் போடுகிற தாளத்துக்குத் தட்டச் சொன்னால், வலது கை நடுக்கம் நின்றுவிடும், அல்லது அந்தத் தாளத்துக்கே மாறிவிடும். பார்க்கின்சன் நடுக்கம் அப்படியெல்லாம் தாளத்துக்கு ஆடாது.

அதாவது, இது இருக்கிறது என்பதற்கான அடையாளத்தைப் பார்த்துத்தான் இந்தப் பெயரை எழுதுகிறார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டைத் திருத்தியபோது இந்த அடையாளங்களைக் கட்டாயமாக்கினார்கள், 'மன அழுத்தம் ஒன்று காரணமாக இருந்தே தீரவேண்டும்' என்ற பழைய நிபந்தனையை எடுத்தும்விட்டார்கள். தவறவிடுவது பற்றிய கணக்கும் இருக்கிறது. பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரைப்படி, 1970-களுக்குப் பிறகு இந்த வகை நோய் என்று சொல்லப்பட்டவர்களில் பின்னாளில் வேறு நோய் என்று தெரியவந்தது 100-க்கு சுமார் 4 பேருக்குத்தான். பூஜ்யம் இல்லைதான், ஆனால் மாதாமாதம் புதிதாக ஸ்கேன் எடுக்கவேண்டிய அளவுக்கும் இல்லை. அடுத்த முறை போகும்போது "அந்தக் கால் சோதனையை எனக்குக் காட்டுங்க டாக்டர்" என்று கேளுங்கள், வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தன் கால் தானாக அழுத்துவதைப் பார்க்கிற அந்த நிமிஷத்தில்தான் பலருக்கு நம்பிக்கையே வருகிறது: நரம்பு அறுந்துபோகவில்லை, தசை செத்துப்போகவில்லை, பலம் உள்ளேதான் இருக்கிறது.

மாமியாருக்கும் ஒரு வார்த்தை. நடிப்பவருக்குத் தான் நடிப்பது தெரியும், உங்களுக்குக் கால் எழாதது நிஜம். 2010-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், இந்த மாதிரி நடுக்கம் உள்ளவர்களை ஸ்கேனுக்குள் வைத்து, நடுக்கம் தானாக வரும்போதும் அதே நடுக்கத்தை அவர்களே வேண்டுமென்று செய்யும்போதும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'இதைச் செய்வது நான்தான்' என்ற உணர்வோடு தொடர்புள்ள ஒரு பகுதி, தானாக நடுங்கும்போது குறைவாகவே வேலை செய்தது. மூளை ஒரு அசைவை உண்டாக்குகிறது, அது தன்னுடையது என்று அதற்கே பதிவாகவில்லை. இதை மாமியாரிடம் படித்துக் காட்டினால் நம்பிவிடுவாரா என்று கேட்காதீர்கள், கால் சோதனையை நேரில் பார்த்தால் நம்ப வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

ஏன் உங்களுக்கு வந்தது? விழுந்ததுதான் தொடக்கம், இதில் பலருடைய கதை ஒரு சுளுக்கிலோ காய்ச்சலிலோ மயக்கத்திலோதான் ஆரம்பிக்கும். மூன்று வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, கவனம், கவனம் என்றே இருந்திருப்பீர்கள். கட்டைப் பிரித்த பிறகும் மூளை அந்தக் காவலை எடுக்கவில்லை. நடப்பது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. யோசித்தால் கெட்டுப்போகும். ஆயிரம் தடவை போட்ட கையெழுத்தை, பேங்கில் ஆபீசர் பார்த்துக்கொண்டிருக்கும்போது "ஒழுங்காப் போடணும்" என்று நிதானமாகப் போட்டால் அது நம் கையெழுத்து மாதிரியே இருக்காது, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் காலுக்கும் அதுதான் நடக்கிறது. ஒவ்வொரு அடியையும் குனிந்து பார்த்து, "வருமா, வராதா" என்று எதிர்பார்த்து எடுத்து வைக்கிறீர்கள். மூளையும் 'வராது' என்பதையே முன்கூட்டி எதிர்பார்த்து, அதற்கேற்றபடியே காலை நடத்துகிறது. அதனால் இன்னும் முயற்சி எடு, இன்னும் கவனமாக நட என்று சொல்வது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். சிகிச்சை நேர் எதிர்த்திசையில் போகிறது.

நானும் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான், ஒரு சிட்டிங் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், அப்போதுதான் நீங்கள் போகிற இடத்தில் கிடைப்பது அதுதானா என்று பார்த்துக்கொள்ள முடியும். முதல் நாள் பாதி நேரம் பேச்சுதான்: எப்போது ஆரம்பித்தது, எப்போதெல்லாம் கொஞ்சம் நன்றாக இருக்கிறது, தூக்கக் கலக்கத்தில் பாத்ரூம் போகும்போது எப்படி நடக்கிறீர்கள், குழந்தை தண்ணீரைக் கொட்டிவிட்டால் சட்டென்று எப்படி எழுந்து ஓடினீர்கள். அந்தச் சட்டென்று வந்த அசைவுகள்தான் எங்களுக்கு முதல் பிடி. அப்புறம் நின்றுகொண்டு, கால்களை அகட்டி வைத்து, உடம்பு எடையை இடமும் வலமுமாக மாற்றச் சொல்வேன். நடக்க வேண்டாம், வெறுமனே ஆடினால் போதும். ஆட்டம் சீராக வந்ததும் பாதத்தைத் தரையிலேயே வழுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரச் சொல்வேன், தூக்கவே கூடாது. சிலருக்கு இதில் வந்துவிடும். வராதவர்களைப் பின்னோக்கி நடக்க வைப்பேன். முன்னால் நடக்கும்போது இழுபடுகிற அதே கால் பின்னால் போகும்போது ஒழுங்காக வரும், கூட வந்த கணவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பார். பக்கவாட்டில் நடப்பது, பாட்டுப் போட்டு அந்தத் தாளத்துக்கு நடப்பது, 100-இல் இருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே நடப்பது, தட்டில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துச் சிந்தாமல் கொண்டுபோவது, எல்லாம் ஒரே நோக்கத்துக்குத்தான்: கவனத்தைக் காலில் இருந்து பிரித்து வேறு வேலையில் மாட்டுவது. எதிரே ஆளுயரக் கண்ணாடி இருக்கும், தலை குனிந்து காலைப் பார்க்காமல் முழு உருவத்தையும் பார்த்து நடக்க அது உதவும்.

நல்ல நடை நாலு அடி வந்தாலும் அதை உங்கள் போனிலேயே வீடியோ எடுத்து உடனே காட்டுவோம். இது உற்சாகப்படுத்துவதற்காக மட்டும் இல்லை. 'என் கால் வராது' என்ற எதிர்பார்ப்பை, மூளை தானே பார்த்த சாட்சியை வைத்துத் திருத்துவது. அதற்குப் பிறகுதான் நிஜமான வேலை: அந்த நாலு அடியைப் பத்தாக்கி, கவனம் திரும்பவும் காலுக்கு வந்தாலும் நிலைக்கிற மாதிரி ஆக்கி, அறையை விட்டுப் படிக்கட்டுக்கும் ரோட்டுக்கும் பஸ் படிக்கும் கொண்டுபோவது. கைக்கும் இப்படித்தான். நடுக்கத்தை இறுக்கிப் பிடித்து அடக்கப் பார்க்காதீர்கள், அது அதிகமாகத்தான் ஆகும். நடுக்கத்தின் மேலேயே வேண்டுமென்று பெரிய, மெதுவான அசைவை ஏற்றி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறிதாக்கி நிறுத்தப் பழகலாம். நீங்கள் கரும்பலகையில் எழுதுகிறவர், அது வசதி. சாக்பீஸால் பெரிய பெரிய வட்டங்கள் போடுவதில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஆதாரம் எவ்வளவு? லண்டனில் 60 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியிட்ட முன்னோட்ட ஆய்வில், ஐந்து நாள் இந்த மாதிரிப் பயிற்சி எடுத்தவர்களில் 72 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் நல்ல முன்னேற்றம் என்றார்கள், வழக்கமான பிசியோதெரபிக்கு அனுப்பப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் அதே முறையை இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 355 பேரை வைத்துப் பெரிதாகச் செய்து 2024-இல் வெளியிட்டபோது, முதன்மையாக எடுத்துக்கொண்ட உடல் செயல்பாட்டு மதிப்பெண்ணில் ஒரு வருஷம் கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 'எனக்குத் தேவலை' என்று நோயாளிகளே சொன்னது மட்டும் இந்தப் பயிற்சி எடுத்தவர்களிடம் அதிகம். ஆக, இதுவும் மந்திரம் இல்லை. சிலருக்கு முழுசாகச் சரியாகும், சிலருக்குப் பாதி, சிலருக்கு நன்றாகிவிட்டுத் திரும்ப வரும். எட்டு மாதம் என்பது இதில் கைமீறிப்போன காலம் இல்லை, இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போடாமல் இப்போதே ஆரம்பிப்பது நல்லது.

இப்போது தொப்பிக்கு வருவோம். தொப்பியில் மூளை அலையைப் பிடித்து, அது மாறும்போது திரையில் கார் ஓடுகிற மாதிரியோ பூ மலர்கிற மாதிரியோ காட்டுவதற்கு நியூரோஃபீட்பேக் என்று பெயர். ஃபங்ஷனல் கால் பலவீனத்துக்கு அது வேலை செய்கிறது என்று காட்டும் நம்பகமான பெரிய ஆய்வு இல்லை. நினைவாற்றல் விளையாட்டுகளோ, விளையாடுகிறவரை அந்த விளையாட்டில் கெட்டிக்காரராக்கும், அத்தோடு சரி. 2010-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில் 11,430 பேர் ஆறு வாரம் கம்ப்யூட்டரில் விளையாடினார்கள். பழகிய விளையாட்டில் தேறினார்கள், பழகாத சோதனைகளுக்கு அது கைகொடுக்கவில்லை. இந்த வியாபாரத்தில் உலகம் முழுக்கப் பேர்போன லூமாசிட்டி நிறுவனத்தின் மேல், மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டு, 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டவைத்தது. திரையில் ஸ்கோர் ஏறுவதும் உங்கள் கால் எழுவதும் வேறு வேறு என்பதை அந்த சென்டர்காரர் சொல்லமாட்டார். தலைக்கு மேல் காந்தச் சுருளை வைத்துச் செய்யும் சிகிச்சை ஒன்றும் இருக்கிறது, அது கொஞ்சம் வேறு வகை, இந்த நோய்க்கு அதை இன்னும் ஆய்வில்தான் வைத்துப் பார்க்கிறார்கள். டாக்டரே சொன்னால் யோசிக்கலாம், பேக்கேஜ் போட்டு விற்றால் வேண்டாம்.

அந்த மாதிரி இடத்தில் குணமானவர்களே இல்லையா என்றால், இருப்பார்கள். கவனம் வேறு பக்கம் திரும்புகிறது, ஒருவர் தினமும் அக்கறையாகப் பேசுகிறார், 'இனி சரியாகிவிடும்' என்ற எதிர்பார்ப்பும் வருகிறது, இவையெல்லாம் இந்த நோயில் நிஜமாகவே வேலை செய்கிறவைதான். அதற்கு 80,000 ரூபாய் ஆகாது என்பதுதான் என் பேச்சு.

எங்கள் தொழிலையும் விட்டுவைக்கக் கூடாது. நம் ஊரில் பிசியோதெரபி என்று போனால் பல இடங்களில் கரண்ட் மிஷின் பதினைந்து நிமிஷம், ஒத்தடம், மசாஜ், அப்புறம் காலைப் பிடித்து அவர்களே மடக்கி நீட்டுவது. உங்களுக்கு அது எதுவும் வேண்டாம். படுத்துக்கொண்டு இன்னொருவர் காலை அசைக்கவிடுவது, காலுக்குத் தாங்கு பட்டை மாட்டுவது, கையைத் தாங்கிப் பிடித்து நடத்துவது, எல்லாமே 'இந்தக் கால் உன்னால் ஆகாது' என்று மூளைக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதுதான். வாக்கர் வாங்க நினைத்தால் விழுகிற பயம் எவ்வளவு என்று பிசியோவிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள், ஒரு தடவை பிடித்தால் விடுவது கஷ்டம். போன இடத்தில் கேட்க வேண்டியது, "ஃபங்ஷனல் பலவீனம் பார்த்திருக்கீங்களா, என்ன செய்வீங்க?" என்பது. "கவனத்தைத் திருப்பி நடையைப் பழக்குவோம்" என்கிற பொருளில் ஏதாவது வந்தால் உட்காருங்கள். "நரம்பைத் தூண்டிவிடுவோம்" என்றால் எழுந்து வந்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது, மனநலப் பிரிவும் அதே வளாகத்தில் இருக்கும், செலவில்லாமல் அங்கேயே தொடங்கலாம். இந்த நோய் தெரிந்த நல்ல ஆள் கிடைத்தால் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

கவுன்சலிங் சொன்னதும் "அப்போ எனக்கு மனநோயா" என்று கோபம் வந்திருக்கும். எல்லோருக்கும் பின்னால் ஏதோ பெரிய துயரம் ஒளிந்திருக்கும் என்று தோண்டிக்கொண்டே இருக்கவேண்டியதில்லை, சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. விழுந்துவிடுவோம் என்ற பயம், வீட்டில் நம்பமாட்டேன் என்கிறார்கள் என்ற வேதனை, வேலை போய்விடுமோ என்ற கவலை, கெட்ட தூக்கம், இவற்றுக்கே ஒருவரோடு உட்கார்ந்து பேசினால் பயிற்சி வேகமாகப் பிடிக்கும். இதைப் படிக்கிறவர்களில் கால் பலவீனத்துக்குப் பதிலாக ஃபங்ஷனல் வலிப்பு (பார்க்கக் காக்காய் வலிப்பு மாதிரி இருந்தாலும் அது இல்லை) வருகிறவர்களுக்கு அந்தப் பேச்சுதான் முக்கியச் சிகிச்சை. பிரிட்டனில் 368 பேரை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மாதாந்திர வலிப்பு எண்ணிக்கை மற்றவர்களைவிடப் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வலிப்பின் தொல்லை குறைந்து அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. வலிப்பு மாத்திரை இந்த வகை வலிப்பை நிறுத்தாது, அதற்காக நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள், சிலருக்கு இரண்டு வகையும் இருக்கும். வலிப்பு வந்தவர் மூக்கில் காரமான மருந்தைக் காட்டி 'நடிப்பா' என்று சோதிப்பது சில இடங்களில் இன்னும் நடக்கிறது, அது சோதனையும் இல்லை சிகிச்சையும் இல்லை, கொடுமை.

பி12 வைட்டமின் ஊசி போடச் சொல்லி யாராவது சொன்னால்: ரத்தத்தில் குறைவு இருந்தால் போடலாம், இல்லையென்றால் பயன் இல்லை. மந்திரித்துக் கயிறு கட்டுவதாக மாமியார் சொன்னால் கட்டிக்கொள்ளுங்கள், சண்டை எதற்கு, பயிற்சியை மட்டும் விடாதீர்கள்.

வீட்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நல்லா இருக்கிற நாளில் துணி, பாத்திரம், விடைத்தாள் என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவீர்கள், ஆசிரியைகளை எனக்குத் தெரியும். நல்ல நாளோ கெட்ட நாளோ ஒரே அளவு வைத்துக்கொண்டு, அதை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் ஏற்றுங்கள். பள்ளிக்கும் முழுசாகச் சரியான பிறகுதான் போவேன் என்று இருக்காதீர்கள், தலைமையாசிரியரிடம் பேசி மூன்று பீரியடில் ஆரம்பிக்கலாம், அதுவே பயிற்சி. வீட்டுக்காரர் "இன்னைக்கு கால் எப்படி இருக்கு" என்று தினமும் கேட்பதை நிறுத்தினால் அதுவும் உதவிதான். கேட்டால் மறுபடியும் காலைத்தானே நினைப்பீர்கள்.

நாலைந்து சிட்டிங்கிலேயே சின்ன மாற்றம் ஏதாவது தெரிய வேண்டும், சில நொடி நல்ல நடை என்றாலும் சரி. தெரியவில்லை என்றால் முறையையோ ஆளையோ மாற்றுங்கள். நரம்பியல் டாக்டரை மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள். நடுவில் பார்வை இரட்டையாகத் தெரிந்தால், சிறுநீர் அடைத்தால், முகம் கோணினால், பேச்சு குழறினால் 'இதுவும் ஃபங்ஷனல்தான்' என்று வீட்டில் உட்காராமல் அன்றைக்கே போய்விட வேண்டும். மூன்று மாதம் கழித்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது பின்னோக்கி நடக்கிற வீடியோ போனில் இருக்கட்டும், முன்னோக்கி நடக்கிற வீடியோவும் பக்கத்திலேயே இருக்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.